பன்னிரண்டாவது முயற்சியில் ஒரு செம்புப் பூச்சு

நேற்று இரவு பத்தரை மணிக்கு ஒரு பென்சில் கரியின் நுனியில் செம்பு படிந்தது. அளவைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாலைந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு மங்கலான ஒரு இளஞ்சிவப்புப் பூச்சு, அவ்வளவுதான். மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் இரண்டு கரிக்குச்சியை முக்கி பேட்டரியில் மாட்டினால் இரண்டு நிமிடத்தில் இதைவிட நன்றாகவே படியும். ஆனால் என் செம்பு வந்த வழி வேறு. அகர் (கடல்பாசி) கூழ் அடைத்த குழாயின் ஒரு முனையில் அயனியாக, அதாவது மின்சுமையுள்ள துகளாகப் புறப்பட்டு, ஐந்து சென்டிமீட்டர் கூழுக்குள் ஊர்ந்து, மறுமுனைக்கு வந்து சேர மூன்று மணி பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்தப் பயணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு முன் என் நோட்டில் பதினொரு முயற்சிகள் இருக்கின்றன. பாதி சொதப்பல், மீதி அரைச் சொதப்பல். மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நேர் அயனி எதிர்மின்வாய்க்கும் (மைனஸ்) எதிர் அயனி நேர்மின்வாய்க்கும் (ப்ளஸ்) போகும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். எவ்வளவு வேகத்தில் போகும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறதே, அதனால் அயனியும் அம்பு மாதிரி பாயும் என்று மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் எவ்வளவு தப்பு என்று ஸ்கேலை வைத்து அளந்த பிறகுதான் புரிந்தது.

முதல் முயற்சி ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீர், ஒரு ஸ்பூன் சமையல் உப்பு, இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் ஒரு பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம். பெர்மாங்கனேட் அயனிதான் ஊதா நிறம், அது எதிர் மின்சுமை உள்ளது, ஆகவே ஊதா ப்ளஸ் பக்கம் போக வேண்டும். ஊதா எல்லாப் பக்கமும் போனது. எதிர்மின்வாயிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரைக் கலக்கிவிட்டன, படிகம் கரைந்து கனமாகிக் கீழே இறங்கிய கரைசல் அடியில் பரவியது, இரண்டு நிமிடத்தில் டம்ளர் முழுக்க ஒரே கத்தரிக்காய் நிறம். போதாக்குறைக்கு நீச்சல் குளத்து வாசனை. சமையல் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் நேர்மின்வாயில் குளோரின் வரும் என்பது தெரிந்தும் உப்பைப் போட்டது என் புத்திசாலித்தனம். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

இதில் ஒன்று மட்டும் தெளிவானது. தண்ணீர் அசையக் கூடாது. அயனி நகர்வது அவ்வளவு மெதுவானது என்றால், தண்ணீரின் சின்னச் சலனம்கூட அதை மூடி மறைத்துவிடும். தண்ணீரைக் கட்டிப்போட இரண்டு வழி உண்டு, ஒன்று காகிதம், இன்னொன்று கூழ். காகிதத்தில் தொடங்கினேன்.

இரண்டாவது முயற்சி டிஷ்யூ காகிதம். நனைத்தவுடன் கிழிந்தது. கிழியாத துண்டில் படிகத்தை வைத்தால் ஊதா வருவதற்கு முன் பழுப்பு வந்தது. பெர்மாங்கனேட் காகித நாரையே ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு, தான் மாங்கனீசு டை ஆக்சைடாக மாறி உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பழுப்புதான் அது. ஆய்வகத்து வடிதாளில் இது மெதுவாகத்தான் நடக்கிறது, அரை மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கிறது. ஆகவே வடிதாள்தான்.

மூன்றாவதில் வடிதாளை மைக்ராஸ்கோப் ஸ்லைடு அளவுக்கு, அதாவது 75 க்கு 25 மில்லிமீட்டர், வெட்டி ஸ்லைடின் மேல் வைத்து, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப்பை நேராகக் கவ்வவிட்டேன். சமையல் உப்புக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட், 100 மில்லிக்கு 1 கிராம். பத்து நிமிடத்தில் ப்ளஸ் கிளிப்பிலிருந்து ஒரு துருக்கலர் கறை காகிதத்துக்குள் ஊர்ந்து வந்தது. ஆஹா, அயனி நகர்கிறது என்று குதூகலமாகப் படம்கூட எடுத்துவிட்டேன். நகர்ந்தது உண்மைதான், ஆனால் அது கிளிப்பின் இரும்பு. நேர்மின்வாயாக இருக்கும் உலோகம் கரையும், அதுவும் முலாம் பூசிய மலிவுக் கிளிப் என்றால் என்னென்னவோ கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் கரைந்து வரும், அந்தக் கழிவு நல்லதல்ல, வேண்டாம்.

நான்காவதில்தான் உருப்படியாக ஒன்று நடந்தது. 2 மில்லிமீட்டர் பருமனுள்ள பென்சில் கரி, 4பி. மல்டிமீட்டரில் பார்த்தால் ஒரு குச்சிக்குச் சில ஓம்தான் தடை. கரியைக் காகிதத்தின் குறுக்கே முழு அகலத்துக்கும் படுக்கவைத்து, காகிதத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கிளிப்பை மாட்டினேன். ஈரம் கிளிப்பைத் தொடவே கூடாது. இரண்டு கரிகளுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர். மின்சாரத்துக்கு மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேன், மீட்டரில் 27.3 வோல்ட் காட்டியது. இதற்கு மேல் வோல்ட் ஏற்றும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தை இந்த ஈர விளையாட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

படிகத்தை நடுவில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ப்ளஸ் பக்கம் ஒரு சின்ன வால் நீண்டது. பத்தில் நன்றாகவே தெரிந்தது. மைனஸ் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சரி, காகிதம் சாய்ந்திருப்பதால் ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்து, பேட்டரியின் முனைகளை மாற்றி மாட்டினேன். வால் நின்றது, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் ஒரு புது வால் முளைத்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் என்று தோன்றியது.

படிகத்தில் ஒரு தொல்லை என்னவென்றால், அது கரைந்துகொண்டே இருப்பதால் புள்ளி நகராமல் கோடாக இழுபடுகிறது. எங்கிருந்து எங்கே அளப்பது? ஐந்தாவது முயற்சியில் தையல் நூலை அடர்ந்த பெர்மாங்கனேட் கரைசலில் நனைத்து, ஒற்றி எடுத்து, காகிதத்தின் குறுக்கே நேராக வைத்து ஒரு நிமிடம் கழித்து எடுத்துவிட்டேன். ஊதாக் கோடு ஒன்று ரூல் போட்டது மாதிரி விழுந்தது. பக்கத்திலேயே மின்சாரம் இல்லாத இன்னொரு ஸ்லைடும் அதே மாதிரிக் கோட்டோடு. இந்த இரண்டாவது ஸ்லைடை யாரும் விட்டுவிடாதீர்கள். மின்சாரமே இல்லாவிட்டாலும் 20 நிமிடத்தில் கோடு இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் தடிக்கிறது, சும்மா பரவுவதால். அதைத் தெரிந்துகொள்ளாமல் அளந்தால் அயனிக்கு இல்லாத வேகத்தைக் கொடுத்துவிடுவோம். கோட்டின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளந்து நடுவை எடுத்துக்கொண்டேன். 20 நிமிடத்தில் 14 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 0.7. ஒரு மணி நேரத்தில் நாலு சென்டிமீட்டர் சொச்சம். என் மனதிலிருந்த அம்பு அன்றோடு ஒழிந்தது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் வீதம் கொடுத்தால், 25 டிகிரி தண்ணீரில் பெர்மாங்கனேட் அயனி நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் நகரும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஈரக் காகிதத்திலேயே 4 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்திப் பார்த்தபோது 16.3 வோல்ட், அதாவது சென்டிமீட்டருக்கு நாலு வோல்ட்டுக்குச் சற்று மேல். கணக்குப்படி நிமிடத்துக்கு 1.5 மில்லிமீட்டர் வர வேண்டும், எனக்கு வந்தது பாதி. காகிதத்துக்குள் அயனி நேர்க்கோட்டில் போக முடியாது, நார்களைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும், பாதிக்கு அதுவே காரணம் என்று விட்டுவிட்டேன்.

இனி நான் ரொம்பவும் அசடு வழிந்த இடம். வேகம் போதவில்லை என்று தோன்றியது. மின்னோட்டம் வெறும் 1.2 மில்லி ஆம்பியர்தான், அதை ஏற்றினால் அயனி வேகமாக ஓடும்தானே? உப்பை பத்து மடங்கு ஆக்கினேன், 100 மில்லிக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட். மீட்டர் 9.4 மில்லி ஆம்பியருக்குத் தாவியது. கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 20 நிமிடத்தில் ஊதாக் கோடு நகர்ந்தது 12.5 மில்லிமீட்டர், முன்பைவிடக் குறைவு! காகிதம் வெதுவெதுப்பாகி ஓரங்கள் காய்ந்து சுருண்டதுதான் மிச்சம். அளவில் தப்போ என்று இன்னொரு தரம் செய்தேன், அதே கதை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. நான் ஏற்றியது நடப்பவர்களின் எண்ணிக்கையை, நடையின் வேகத்தை இல்லை. கூட்டம் பெருத்தால் வாசலைக் கடக்கும் ஆள் கணக்குக் கூடும், ஒவ்வொருவருடைய நடையும் வேகமாகாது. பெர்மாங்கனேட் அயனியைத் தள்ளுவது சென்டிமீட்டருக்கு இத்தனை வோல்ட் என்கிற அளவு. உப்பைக் கூட்டியும் அது மாறவில்லை, காகிதத்தில் குத்திப் பார்த்தபோது 16.1 வோல்ட்டே இருந்தது. ஆம்பியர் மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்ததுக்குப் பதில் வோல்ட்டை முன்பே பார்த்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

ஏழாவதில் அதையே திருப்பிச் சோதித்தேன், ஒரே ஒரு பேட்டரி, 9.2 வோல்ட், பழைய 1 சதவீதக் கரைசல். மூன்றில் ஒரு பங்கு தூரம் எதிர்பார்த்தேன், வந்தது நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. காகிதத்தில் குத்திப் பார்த்தால் 4 சென்டிமீட்டருக்கு 4.3 வோல்ட். மீதி எங்கே? இரண்டு கரிகளின் மேற்பரப்பிலும் வாயு உண்டாக்கும் வேலைக்கே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. 27 இல் அது போனால் தெரியாது, 9 இல் போனால் நன்றாகத் தெரியும். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல் காகிதத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரி.

பெர்மாங்கனேட் வேலை செய்பவர்களுக்குக் கைக்குறிப்பு: கையுறை போடுங்கள். நான் போடவில்லை, மூன்று விரல்கள் நாலு நாள் பழுப்பாக இருந்தன. வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் போகிறது என்று பிறகுதான் செய்து பார்த்தேன்.

அடுத்தது கூழ். இந்த யோசனை என்னுடையது இல்லை. ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1886 இலேயே குழாயில் கூழை அடைத்து, காரத்தில் ரோஜா நிறம் காட்டும் ஃபினால்ஃப்தலீனின் நிறம் மாறும் இடத்தைப் பார்த்து ஹைட்ரஜன் அயனியின் வேகத்தை அளந்தார். ஃபாரடே ‘அயனி’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1834 இல், கிரேக்கத்தில் அதற்குப் ‘போவது’ என்று பொருள். பெயர் வைத்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஒருவர் கூழ்க் குழாயில் அதன் வேகத்தைக் கண்ணால் பார்த்து அளக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், நான் மட்டும் தாமதமில்லை.

12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் 20 சென்டிமீட்டர், அதை யு வடிவில் வளைத்து ஒரு அட்டையில் கட்டினேன். வளைவில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கூழ், இரண்டு கைகளிலும் அதன் மேல் நாலு நாலு சென்டிமீட்டர் கரைசல், கரைசலுக்குள் கரிக்குச்சி. குமிழிகள் மேலே போய்விடும், கூழைக் கலக்காது. கூழுக்கு 100 மில்லியில் 1.5 கிராம் அகர், தெளிவாகும் வரை இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும், பாதி வெந்த அகர் இறுகாது. மின்சாரத்துக்கு 12 வோல்ட் அடாப்டர், ஏனென்றால் கூழ் மணிக்கணக்கில் ஓட வேண்டும், அதற்குள் 9 வோல்ட் பேட்டரிகள் படுத்துவிடும்.

எட்டாவது முயற்சியில் மீட்டர் 0.3 மில்லி ஆம்பியரைத் தாண்டவே இல்லை. கிளிப்பை மாற்றினேன், கரியை மாற்றினேன், அடாப்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளைவின் உள்பக்கத்தில் ஒரு காற்றுக்குமிழி ஏறக்குறைய முழுக் குழாயையும் அடைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து ஊற்றினால் அப்படித்தான். அடுத்த முறையிலிருந்து கூழ் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கும்போதே ஊசிக்குழலில் எடுத்து, மெல்லிய குழாய் ஒன்றை வளைவு வரை விட்டு, அடியிலிருந்து மேலாக நிரப்பினேன். குமிழி வரவில்லை.

ஒன்பதாவதில் கூழுக்குள் யுனிவர்சல் இண்டிகேட்டர் கலந்தேன், அமிலத்தில் சிவப்பும் காரத்தில் நீலமும் காட்டும் சாயம் அது. நேர்மின்வாயில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் அயனி உண்டாகும், எதிர்மின்வாயில் ஹைட்ராக்சைடு உண்டாகும், ஒரு பக்கமிருந்து சிவப்பும் மறுபக்கமிருந்து நீலமும் கூழுக்குள் நடந்து வர வேண்டும். 40 நிமிடத்தில் இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர்தான் வந்தது. காரணம் நானேதான். பொட்டாசியம் நைட்ரேட் டப்பா காலியாகியிருந்ததால் சமையல் சோடாவைப் போட்டிருந்தேன். சோடியம் பைகார்பனேட் அமிலத்தையும் விழுங்கும், காரத்தையும் விழுங்கும். வருகிற அயனிகளையெல்லாம் வாசலிலேயே பிடித்துக்கொண்டால் நிறம் எங்கே நகரும்!

பத்தாவதில் நைட்ரேட் வாங்கி வந்து, 1 சதவீதம், மற்றதெல்லாம் அப்படியே. இது அழகு. பச்சைக் கூழுக்குள் ஒரு முனையில் சிவப்பு விளிம்பு, மறுமுனையில் கருநீலம், இரண்டும் கண்ணுக்குத் தெரிந்து வளர்கின்றன. 40 நிமிடத்தில் சிவப்பு 38 மில்லிமீட்டர், நீலம் 22. ஹைட்ரஜன் அயனிக்கும் ஹைட்ராக்சைடுக்கும் வேக விகிதம் ஏறத்தாழ 1.75 என்பது புத்தகக் கணக்கு, எனக்கு 1.73 வந்தது. இவ்வளவு நெருக்கமாக வந்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன், விளிம்பை நான் எங்கே என்று தீர்மானிப்பதிலேயே ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆகும். இரண்டும் சந்தித்த இடம் குழாயின் நடுவில் இல்லை, மைனஸ் முனைக்குப் பக்கமாக, அங்கிருந்து 44 மில்லிமீட்டரில். ஓட்டப்பந்தயத்தில் வேகமானவன் அதிக தூரம் கடந்து சந்திக்கிறான்.

மீட்டரும் ஒரு வேடிக்கை காட்டியது. 10 மில்லி ஆம்பியரில் தொடங்கி, சிவப்பு முன்னேற முன்னேற 14 வரை ஏறியது. சந்திப்புக்குப் பிறகு அப்படியே விட்டுவிட்டு வெளியே போனேன், மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் 6 க்கு இறங்கியிருந்தது. சந்தித்த இடத்தில் இரண்டும் சேர்ந்து வெறும் தண்ணீராகிவிடுகின்றன, பொட்டாசியம் ஒரு பக்கமும் நைட்ரேட் மறுபக்கமும் அங்கிருந்து காலி செய்துகொண்டு போகின்றன, நடுவில் சுமை தூக்க ஆளில்லாத ஒரு பட்டை உருவாகிவிடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அடுத்து செம்பு. பதினொன்றாவது முயற்சிக்கு அதே 20 சென்டிமீட்டர் குழாய், அதே 12 சென்டிமீட்டர் கூழ், இண்டிகேட்டருக்குப் பதில் சில துளி ஃபினால்ஃப்தலீன். ப்ளஸ் கையில் மயில்துத்தக் கரைசலும், கரிக்குப் பதில் ஒரு செம்புக் கம்பியும். கம்பி கரைந்து செம்பு அயனியை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் அமிலத் தொல்லை இல்லை. மைனஸ் கையில் நைட்ரேட் கரைசல், கரிக்குச்சி. மாலை ஆறு மணிக்கு ஓடவிட்டேன். நீலம் கூழுக்குள் தலையை நீட்டியது, மைனஸ் பக்கமிருந்து பளிச்சென்று ரோஜா நிறம் கிளம்பி வந்தது. காலையில் எழுந்து பார்க்கும்போது கரியில் செம்பு மின்னும் என்ற நம்பிக்கையோடு படுத்தேன்.

காலையில் கரி கறுப்பாகவே இருந்தது. குழாயில், செம்பு முனையிலிருந்து 27 மில்லிமீட்டரில், யாரோ வட்டமாக வெட்டிச் செருகியது மாதிரி வெளிர்நீலத்தில் ஒரு தட்டு. அதற்கு இந்தப் பக்கம் தெளிவான நீலம், அந்தப் பக்கம் மைனஸ் முனை வரை ரோஜா நிறம். செம்பு அயனியும் எதிரே வந்த ஹைட்ராக்சைடும் அங்கே முட்டிக்கொண்டு காப்பர் ஹைட்ராக்சைடாக, கரையாத திடப்பொருளாக, உட்கார்ந்துவிட்டன. செம்பு 27 மில்லிமீட்டர் நடப்பதற்குள் ஹைட்ராக்சைடு 93 நடந்துவிட்டது. ஒன்றுக்கு மூன்றரை. இந்த இரண்டின் வேகமும் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றுக்கு 3.7. ஆகத் தோற்றுப்போன முயற்சியிலும் ஒரு நல்ல அளவு கிடைத்தது. நிஜத்தைச் சொன்னால் இந்தக் குழாய்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, கழுவ மனம் வராமல் இரண்டு முனையையும் அடைத்து ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன்.

நேற்றைய பன்னிரண்டாவதில் மாற்றியது இரண்டே இரண்டு. குழாய் 13 சென்டிமீட்டர், கூழ் 5 சென்டிமீட்டர். நீளம் குறைந்தால் சென்டிமீட்டருக்கு வோல்ட் கூடும், அதுதான் வேகம், உப்பு இல்லை, இந்தத் தடவை நினைவிருந்தது. அடுத்து மைனஸ் கையில் 1 சதவீதம் நைட்ரேட் கலந்த வெள்ளை வினிகர். கரியில் உண்டாகும் ஹைட்ராக்சைடை வினிகர் அங்கேயே முடித்துவிடும், கூழுக்குள் அனுப்பாது. வெறும் வினிகர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, நைட்ரேட் கலந்தது அதற்காக. ஏழு இருபதுக்குத் தொடங்கினேன். நீல விளிம்பு எட்டு இருபதுக்கு 17 மில்லிமீட்டர், ஒன்பது இருபதுக்கு 33. எங்கும் தட்டு விழவில்லை, ரோஜா நிறம் எட்டிப்பார்க்கவில்லை. பத்தே காலுக்கு மேல் விளிம்பு மங்கி, கூழ் முடிகிற இடத்தைத் தொட்டுவிட்டதா என்று சொல்ல முடியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தரைக்குக் கரியை வெளியே எடுத்தபோது நுனியில் அந்தப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் வந்தது.

செலவு என்று பார்த்தால் மயில்துத்தம் மூன்று கிராம், அகர் ஐந்து கிராம், ஆறு வடிதாள், இரண்டு கரிக்குச்சி, ஒரு முதலைக் கிளிப். மல்டிமீட்டரும் அடாப்டரும் ஏற்கெனவே இருந்தவை. பேட்டரிதான் வீண்செலவு, மூன்றையும் கோத்துவைத்துவிட்டு ஒரு நாள் கழற்ற மறந்து ஒரு செட் போயே போயிற்று. மீந்த மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு அது விஷம். ஒரு துண்டு இரும்பு நாரை அதில் போட்டு ஒரு நாள் வைத்தால் செம்பு முழுக்க இரும்பின் மேல் படிந்து நீலம் போய்விடுகிறது, நான் அப்படித்தான் செய்தேன்.

மறுபடி செய்தால் குழாய்க்குப் பதில் மேலே திறந்த ஒரு சின்னத் தொட்டியில் கூழை ஊற்றுவேன், வோல்ட்டை வழி நெடுக ஊசி குத்தி அளக்கலாம், குழாயில் அது முடியவில்லை. வெப்பநிலையையும் குறித்துக்கொள்வேன், ஒரு டிகிரி ஏறினால் அயனியின் வேகம் இரண்டு சதவீதம் போல ஏறும், நான் காலையிலும் ராத்திரியிலும் செய்ததையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டுவைத்திருக்கிறேன். டம்ளர் முயற்சியை அடியோடு விட்டுவிடுவேன்.

இன்று காலை எழுந்ததும் பன்னிரண்டாவது குழாயில் பேட்டரி முனைகளை மாற்றி மாட்டுவது போல அடாப்டர் வயரை மாற்றி மாட்டினேன். கரியில் இருந்த பூச்சு ஐந்து நிமிடத்தில் காணாமல் போனது. வினிகர் பக்கத்து நீலம் வெளுத்து, விளிம்பு கலங்கலாகப் பின்வாங்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 11 மில்லிமீட்டர்.